ஃபேன் இல்லாத கம்ப்யூட்டரும் இருபது தட்டும்

"சார், நீங்க கம்ப்யூட்டர் பாக்க வந்தீங்களா... ஆடிட் பண்ண வந்தீங்களா?"

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பர்வீன் இரண்டு வாரம் முன்பு என்னிடம் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அது அவர் கடைக்கு என் ஏழாவது வருகை. என் கையில் ஒரு நோட்டு. நோட்டில் பதினோரு கட்டம். மேஜையில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்துத் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் முப்பத்தோரு வருடம் லாரியில் ஏறும் மூட்டைகளை எண்ணியவன் நான். ஆலை எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. எண்ணுகிற பழக்கத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. என் வீட்டிலிருந்து பால் பூத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. திரும்பி வரும்போது அறுநூற்று இருபது. கூடுதலாக எட்டு எங்கிருந்து வருகிறது? நாலு வருடமாக யோசிக்கிறேன்.

எண்ணும்போது என் உதடு அசையும். ஆலைச் சத்தத்தில் மனசுக்குள் எண்ணினால் விட்டுப்போகும், வாயால் சொன்னால்தான் நிற்கும். அப்படிப் பழகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

சரி... இந்த வயதில் எனக்கு எதற்குக் கம்ப்யூட்டர்?

டிவியோடு இணைத்து, வீட்டு விசேஷ வீடியோ, போட்டோ, பழைய பாட்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பார்க்க. இதற்கு 'மீடியா சென்டர்' என்று பெயராம். பர்வீனிடம் அப்படித்தான் சொன்னேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதி, என் மச்சான் கலியமூர்த்தி.

மச்சான் என்றால் என் மனைவி தனத்தின் அண்ணன். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காடு வைத்திருப்பவர். பத்தொன்பது வருடம் முன்பு என் மகளுக்குப் பெரம்பலூரில் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் மேளதாளத்தோடு சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பெண்ணைப் பெற்றவன் நான், மண்டப வாசலில் நிற்கிறேன். அவரைப் பார்த்து நான் "வாங்க" என்று சொல்லவில்லையாம்.

இது அவர் கட்சி.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சாம்பாரில் உப்பு இல்லாவிட்டால் மன்னிப்பு உண்டு. உட்கார நாற்காலி இல்லாவிட்டாலும் மன்னிப்பு உண்டு. வாசலில் நின்று "வாங்க" என்று கேட்காவிட்டால்? கிடையாது. அதுவும் தாய்மாமனை!

மனிதர் செய்ய வேண்டிய முறையெல்லாம் குறைவில்லாமல் செய்தார். மணமேடையில் நின்றார், மாலை எடுத்துக் கொடுத்தார். ஆனால் கை நனைக்காமல் ஊருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என் வீட்டு வாசற்படி மிதித்ததில்லை.

அதற்காகத் தங்கையை விட்டுவிடுவாரா? வருடம் தவறாமல் பொங்கலுக்கு முதல் நாள் பச்சரிசி, வெல்லம், கரும்பு, பரங்கிக்காய், முந்திரி எல்லாம் கட்டிக்கொண்டு பஸ் ஏறி அரியலூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வருவார். தனம் இங்கே பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி அரியலூர் போவாள். ஏறக்குறைய பாதி வழி. இரண்டு நாட்டு எல்லையில் கைதிகளை மாற்றிக்கொள்வது போல அங்கே சீர் கைமாறும். அண்ணனும் தங்கையும் ஒரு டீ குடிப்பார்கள். இவள் மேற்கே, அவர் கிழக்கே. இப்படிப் பத்தொன்பது பொங்கல். பத்தொன்பது பரங்கிக்காய்.

இந்தப் பொங்கலுக்கு அவர் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்: "முட்டி கேக்க மாட்டேங்குது தங்கச்சி. அடுத்த வருசம் இந்த பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்க முடியாது. இதான் கடைசின்னு வச்சிக்க."

தனம் பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பொங்கல் மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள்.

"ஒரு வார்த்தை போன் பண்ணி வாங்கன்னு கூப்புடுங்க. வந்துடுவாரு."

"அன்னிக்கே சொல்லிட்டேன். சொன்ன வார்த்தையை எதுக்கு ரெண்டாந்தடவை சொல்லணும்?"

"சொல்லலை."

"சொன்னேன். என் உதடு அசைஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு. வீடியோ இருக்கு. நிரூபிக்கிறேன்."

இதுதான் என் மீடியா சென்டரின் வரலாறு. கல்யாண வீடியோ மூன்று டிஸ்க்குகளாக பீரோவில் இருக்கிறது. அதை ஓட்டிய பிளேயர் செத்து ஆறு வருடம். ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். என் வாயிலிருந்து அந்த "வாங்க" வெளியே வருவதைத் தனம் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். தங்கையே சாட்சி சொன்னால் அண்ணன் நம்பித்தானே ஆக வேண்டும்?

பர்வீன் முதல் நாளே சுலபமான வழி சொன்னார். டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பென் டிரைவில் ஏற்றித் தருவாராம், டிவியில் சொருகினால் ஓடுமாம், கம்ப்யூட்டரே வேண்டாமாம்.

எனக்கு ஓடக்கூடாது, நிற்க வேண்டும் என்றேன். ஒரு நொடி வீடியோவில் இருபத்தைந்து படம் இருக்கிறது, அதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும், பெரிதாக்க வேண்டும், சத்தத்தைக் கூட்ட வேண்டும்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு சார்... திருட்டா? சிசிடிவியா?"

"கல்யாண வீடியோ."

பிறகு வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

"எங்க வூட்லயும் இதே கதைதான் சார். என் நிக்காஹ்ல எங்க மாமு எங்க அத்தாவுக்கு சலாம் சொன்னாரா, சொல்லலையான்னு பன்னெண்டு வருசம் ஓடுச்சு."

"எப்படி முடிஞ்சுது? வீடியோ பாத்தீங்களா?"

"இல்ல சார். மாமு ஒரு நாள் வூட்டுக்கு வந்து சலாம் சொல்லிட்டாரு. முடிஞ்சுது."

நான் நோட்டைப் பார்த்தேன். அதை எழுத அதில் கட்டம் இல்லை.

பெட்டிகளுக்கு வருகிறேன். மூன்று இருந்தன.

முதலாவது டிபன் பாக்ஸ் அளவு. வேகமானது, புதுசு, எந்தப் படத்தையும் திணறாமல் ஓட்டும் என்றார். ஸ்விட்சைப் போடச் சொல்லி, பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சின்ன ஃபேன் 'உய்ய்' என்று சுற்றியது. கொசு தூரத்தில் பறப்பது போன்ற சத்தம்தான். ஆனால் என் குரலே கொசுவின் குரல். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மெல்லிய "வாங்க"வை இந்த ஃபேன் விழுங்கிவிட்டால்? நோட்டில் அதை அடித்தேன்.

இரண்டாவது உள்ளங்கை அளவு. பெட்டியே கிடையாது. சட்டை போடாத பச்சைப் பலகை. அதற்குப் பெட்டி தனி, மெமரி கார்டு தனி, சார்ஜர் தனி. நானே எல்லாவற்றையும் கோத்துக்கொள்ள வேண்டுமாம். மொத்தம் ஏழு உருப்படி. மெமரி கார்டு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. என் கண்ணாடியையே நாளைக்கு மூன்று தடவை தேடுகிறவன் நான். அடித்தேன்.

மூன்றாவது கறுப்பாக, கனமாக, ஒரு அகராதியைப் படுக்கவைத்தது போல இருந்தது. ஃபேன் கிடையாது. சூடு அதன் முதுகு வழியாகவே வெளியே போய்விடுமாம். அதற்காக முதுகில் வரிவரியாகப் பள்ளம், இருபத்தொன்பது. ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு அமைதி. மின்சாரமும் ஒரு சின்ன பல்பு எரிகிற அளவுக்குத்தான் தின்னுமாம். டிவிக்கு இரண்டு துளை, பென் டிரைவ் வகைக்கு ஆறு, இன்டர்நெட் ஒயருக்கு ஒன்று, காதில் மாட்டுவதற்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. பதினொன்று.

ஒற்றைப்படை. எனக்குத் திருப்தி.

மெமரி எட்டு ஜிபி போதுமா, பதினாறு வேண்டுமா? அதில் மட்டும் நாலு வருகை போயிற்று. கடைசியில் பர்வீன் நோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார்.

"கல்யாண வீடியோவுக்கு எட்டு போதும் சார். கல்யாணமே ஒரு நாள்தான்."

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டிவிக்குக் கீழே வைத்தேன். தனம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஃபேன் இல்லாதது என்று பெருமையாகச் சொன்னேன். "பாவம், வேர்க்காதா?" என்றாள்.

டிஸ்க்கை எடுத்தேன். போடப் போனேன்...

எங்கே போடுவது?

முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், பக்கவாட்டில் தடவினேன். பதினோரு துளையையும் நோட்டில் எழுதிய மகானுக்கு, டிஸ்க் போகிற வாய் ஒன்று வேண்டுமே என்று தோன்றவே இல்லை. இருப்பதை எண்ணலாம். இல்லாததை எப்படி எண்ணுவது?

"பத்தொம்போது வருசத்து டிஸ்க்கை வச்சிக்கிட்டு வாயில்லாத பொட்டியப் போயி எடுத்தாந்திருக்கீங்க," என்றாள் தனம். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

எட்டாவது வருகை. பர்வீன் என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, டிஸ்க் போடும் தட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால் போதுமாம். நான் வருவேன் என்று முதல் நாளே தெரியுமாம். கணக்குப் பண்ணி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. நானும் தனமும் டிவிக்கு முன்னால். மண்டப வாசல் காட்சி இரண்டாவது டிஸ்க்கில் நாற்பத்தோராவது நிமிடம் வருகிறது. சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தேன். ஃபேன் இல்லாத கம்ப்யூட்டர் மூச்சுகூட விடவில்லை. கொஞ்சம் பொறு தனம், இப்போது கேட்கும் பார்...

கேட்டது. ஒரு சினிமாப் பாட்டு.

வீடியோ எடுத்த மகராசன் மண்டபத்துச் சத்தத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டாகப் போட்டிருக்கிறார். நாதஸ்வரம் தெரிகிறது, சத்தம் பாட்டு. ஐயர் வாய் அசைகிறது, சத்தம் பாட்டு. நானும் அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்தவன்தான். இது எனக்கு ஞாபகம் வந்ததா? சத்தமில்லாத கம்ப்யூட்டர் தேடி எட்டு நடை நடந்தவனுக்கு, வீடியோவில் குரலே கிடையாது என்பது ஞாபகமில்லை.

பரவாயில்லை, உதடு இருக்கிறதே? படத்தை நிறுத்தினேன். மச்சான் வாசலில் நிற்கிறார். கறுத்த மீசை, பட்டு வேட்டி. வீடியோக்காரர் அவரைச் சுற்றி ஒரு இதயப் படம் போட்டு ரோஜாப்பூவாகக் கொட்டியிருக்கிறார். பூவுக்கு நடுவில், இரண்டு கையும் கும்பிட்டபடி என்னைப் பார்த்து நிற்கிறார். எதிரே நான். படம் படமாக நகர்த்தினேன். என் உதடு திறந்தது.

"பாரு! பேசறேன் பாரு!"

தனம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனாள். உதடு மூடியது. மறுபடி திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"எத்தன வாங்க சொல்றீங்க?" என்றாள் தனம். "ஒரு ஆளுக்கு இத்தன வாங்கவா?"

நான் இன்னும் நகர்த்தினேன். அவள் இப்போது என் உதட்டைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். தொடையை ஒட்டிக் கிடந்த கையில், ஆள்காட்டி விரல் ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அளவு எழும்பி இறங்கியது. என் கண் மச்சான் முகத்தில் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்த பெண்களின் தலைக்கு மேல் இருந்தது.

தட்டுகளில்.

"தட்ட எண்ணியிருக்கீங்க," என்றாள் தனம். குரல் உயரவில்லை. "எங்க அண்ணன் கொண்டாந்த தட்ட... வாசல்ல நின்னு எண்ணியிருக்கீங்க."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இருபது தட்டு இருந்தது. தாய்மாமன் சீரை இரட்டைப்படையில் யாராவது வைப்பார்களா? பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று, இப்படித்தானே வரும்? இருபது என்று முடிந்ததும் எனக்குத் தலை சுற்றியது. எங்கோ விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். வீடியோவில் அதுவும் இருக்கிறது. இருபதாவது தடவை உதடு மூடுகிறது. சின்னதாக ஒரு முழி. மறுபடி திறக்கிறது.

அதுவரை மச்சான் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. நான் இரண்டாவது எண்ணிக்கையை ஆரம்பித்தபோதுதான் இறக்கினார். எண்ணினேன். இருநூற்று ஆறு படம். எட்டு நொடிக்குக் கொஞ்சம் மேல். எட்டு நொடி என்பது சொல்லச் சின்னதுதான். கையைக் கூப்பிக்கொண்டு ஒருவர் முன்னால் நின்று பாருங்கள்.

தனம் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் ஏதும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போனை எடுத்தேன். மச்சான் நம்பர் மனப்பாடம், ஆனால் பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அடித்ததில்லை. ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"யாரு?"

"நான்தான் மச்சான். பெரம்பலூர்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஆடு கத்தியது. சமையலறை வாசலில் தனத்தின் புடவை தெரிந்தது.

"வூட்டுக்கு வாங்க மச்சான்," என்றேன்.

மறுபடியும் ஆடு. பிறகு அவர் கேட்டார்:

"எண்ணி முடிச்சாச்சா மாப்ள?"

மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! அன்றைக்கே, அந்த வாசலிலேயே தெரிந்திருக்கிறது. தங்கையிடம்கூடச் சொல்லாமல், "வாங்கன்னு கேக்கலை" என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். புருஷன் தட்டு எண்ணினான் என்று தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்திருப்பார். நியாயமாக நான் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம்...

"இருபது மச்சான்."

"இருபத்தொண்ணு."

"இல்ல மச்சான், இருபதுதான். இப்பதான் டிவில ஒவ்வொண்ணா நிறுத்தி..."

"ஒண்ணு வேன்லயே இருந்துச்சு மாப்ள," என்றார். "ஒங்களுக்கு எடுத்த வேட்டி துண்டு. பொம்பளைங்க கையில குடுத்து விடாம, நீங்க வாங்கன்னு சொன்னதும் நானே எடுத்தாந்து ஒங்க கையில குடுக்கணும்னு வச்சிருந்தேன். அப்படியே பீரோல இருக்கு."

பத்தொன்பது வருடம் யாரிடமும் சொல்லாமல் ஒரு எண்ணம் என் மனசில் இருந்தது – 'ஒரு தட்டு குறைவாகத்தானே கொண்டுவந்தார்!' அந்த ஒரு தட்டு எனக்கானதுதான்.

மச்சான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. புதன்கிழமை வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தெருமுனையில் கார் திரும்பியது. அவர் இறங்குவதற்கே மூன்று நிமிடம் ஆயிற்று, முட்டி அப்படி. கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் மடிப்பெல்லாம் மஞ்சளடித்துப்போன ஒரு வேட்டி, ஒரு துண்டு, அவர் காட்டு முந்திரி ஒரு பொட்டலம். தனம் எனக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தட்டை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையை நெஞ்சுவரை தூக்கினார்.

அந்தக் கை முழுதாக மேலே வருவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டார். தனம் பரிமாறினாள். எத்தனை தடவை சாதம் வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் கம்ப்யூட்டரில் மகள் கல்யாணத்தைப் போட்டோம். வாசல் காட்சி வந்ததும் மச்சானே அதை வேகமாக ஓட்டிவிடச் சொன்னார். பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு மாப்ள என்று கேட்டார். வீட்டு வீடியோ எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பதற்கு என்றேன். அது பாதி உண்மை.

அவர் கிளம்பிப் போன பிறகு தனம் அந்தப் பெட்டிக்குப் பூப்போட்ட துணியில் ஒரு உறை தைக்க ஆரம்பித்தாள். முதுகை மூடினால் சூடு வெளியே போகாது என்று நோட்டைப் பிரித்துக் காட்டினேன். முதுகுப் பக்கம் திறந்தே தைக்கிறாளாம்.

புதன்கிழமை வாசலில் "வாங்க மச்சான், வாங்க" என்று நான் மொத்தம் எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்கிறீர்களா? சத்தியமாக எனக்குத் தெரியாது... தனத்தைக் கேளுங்கள், அவள்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.